கீழே பதிவு செய்யவும்

"சில்லறை இல்லைங்க" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

வாசலில் ஊன்றுகோல் தட்டுகிற சத்தம் கேட்டிருந்தது. ஓரக்கண்ணில் மடித்துக் கட்டிய வேட்டியும் ஒற்றைக் காலும் தெரிந்தன. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் மாடியில் அலுவலகம் வைத்திருப்பதில் ஒரே ஒரு நல்லது உண்டு என்றால், கையேந்தி வருகிறவர்கள் படியேற மாட்டார்கள் என்பதுதான். அதையும் தாண்டி ஒருவர் வந்து நிற்கிறாரே என்று எரிச்சல். எனக்கு எரிச்சல் வர பெரிய காரணம் எதுவும் வேண்டாம். மெர்லினுக்கு மூக்குக்கு மேல கோவம் என்று அம்மா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவாள்.

"சில்லற வேணாம்மா. இத இங்கதான குடுக்கணும்?"

அப்போதுதான் நிமிர்ந்தேன். ஐம்பது வயதிருக்கும். இடது கால் முட்டிக்கு மேலேயே முடிந்திருந்தது. படியேறி வந்ததில் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இடது அக்குளில் கோல், வலது கையில் ஒரு செல்போன். அந்தப் போனை என்னை நோக்கி நீட்டியிருந்தார். நீட்டியபடியே கட்டைவிரலால் திரையைத் தொட்டுக்கொண்டே இருந்தார்.

எனக்கு முகம் சுட்டது. உள்ளே வாங்க, உட்காருங்க என்று ஒரு நாற்காலியைத் தள்ளினேன். எங்கள் நாற்காலிகளுக்குச் சக்கரம் உண்டு. அவர் உட்காரப் போகையில் அது பின்னால் நழுவியது. நான் ஓடிப் போய் முதுகுப் பக்கத்தை இறுகப் பிடித்துக்கொள்ள, ஒருவழியாக உட்கார்ந்தார். சில்லறை பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பெயர் முனியன் என்றார். கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஓர் ஊர். அவர் போனில் திறந்திருந்தது நான் செய்த பக்கம்.

அது என்ன பக்கம் என்று சொல்லிவிடுகிறேன். திருக்கோவிலூரில் ஓர் அறக்கட்டளை ஆண்டுக்கொரு முறை செயற்கைக்கால் முகாம் நடத்துகிறது. இந்த ஆண்டு கள்ளக்குறிச்சியில், வருகிற சனிக்கிழமை. வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து, கால் இழந்தவர்களுக்கு அளவெடுத்துப் போய், செய்துகொண்டு வந்து மாட்டிவிடுவார்கள். எல்லாம் இலவசம். அளவெடுப்பது ஒரே நாள் என்பதால் இடம் குறைவு. அதனால் முன்பதிவு, அதுவும் இணையத்தில் மட்டும். அந்தப் பதிவுப் பக்கம் எங்கள் கம்பெனிக்கு வந்தது. கம்பெனி என்றால் பிரவீன்குமார் சார் முதலாளி, நான் மட்டும் தொழிலாளி. பக்கத்தை நான் இழைத்து இழைத்துச் செய்தேன். அடியில் பச்சையாக ஒரு பட்டன், எந்தப் போனில் திறந்தாலும் திரையின் அடியோரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி. அதற்குச் சற்று மேலே, யாரும் கேட்காமலே, 'வடிவமைப்பு' என்று போட்டு எங்கள் கம்பெனி பெயரையும் முதல் மாடி, கள்ளக்குறிச்சி என்று முகவரியையும் சேர்த்தேன். பார்க்கிறவர்கள் யார் செய்தது என்று தெரிந்துகொள்ளட்டும் என்கிற தலைக்கனம்தான், வேறென்ன.

"இது ஆன்லைன் பதிவுண்ணா" என்றேன். "ஃபோன்லயே போடறது. இங்க வந்து குடுக்கறதெல்லாம் இல்ல."

"ஃபோனுலதாம்மா நிரப்பியிருக்கேன். நிரப்பிட்டு கீழ பதிவு செய்யணும்னு போட்டிருக்குதே. கம்பெனி பேரும் போட்டிருந்துது. அதான் எறங்கி வந்தேன்."

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்துவிட்டேன்.

மலையில் இருப்பவர்களுக்குக் கீழே என்றால் நாங்கள்தான். கீழ போறேன் என்று ஒருவர் சொன்னால், கச்சிராயபாளையம் வழியாகப் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்குப் போகிறார் என்று பொருள். பெரிய ஆஸ்பத்திரி கீழே, கலெக்டர் ஆபீஸ் கீழே, கல்யாணத்துக்கு ஜவுளி எடுப்பது கீழே. இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த மலைப் பிள்ளைகள் இப்படித்தான் பேசினார்கள். 'விவரங்களை நிரப்பிய பின் கீழே பதிவு செய்யவும்' என்று நான் எழுதியபோது அவர்களில் ஒருவர் முகம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை.

"கீழன்னா பக்கத்துக்குக் கீழண்ணா. அடியில பச்சையா ஒரு பட்டன் இருக்கும், அத அமுக்கணும். பஸ் புடிச்சு வரச் சொல்லல" என்றேன், சிரிப்பு இன்னும் அடங்காமல்.

அவரும் மரியாதைக்குச் சிரித்தார். "பட்டனு எதுவும் காணமேம்மா."

"இருக்கும், குடுங்க."

"தூங்க வுட்டுடாதம்மா. திரை அணைஞ்சிதுன்னா எழுதுனது பூரா அழிஞ்சி பூடுது. ரெண்டு மூணு வாட்டி அப்படித்தான் ஆயிடுச்சு. அதான் பஸ்ஸுல தொட்டுக்கினே வந்தேன்."

மலையில் நிரப்பி, வளைவு வளைவாக இறங்குகிற பஸ்ஸில் ஒரு கையில் கோலையும் மறு கையில் இந்தப் போனையும் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் அதை விழிக்க வைத்தபடியே வந்திருக்கிறார். நிரப்பிய காகிதத்தைக் கசங்காமல் கொண்டுவந்து கொடுப்பார்களே, அந்த மாதிரி. இப்போது என் கட்டைவிரல் அந்த வேலையைச் செய்தது. பக்கத்தை மேலே தள்ளினேன். பெயர், வயது, ஊர், எந்தக் கால், எல்லாம் ஒழுங்காக நிரப்பியிருந்தது. 'கீழே பதிவு செய்யவும்.' அதன் கீழே எங்கள் முகவரி. அதன் கீழே ஒன்றும் இல்லை.

இன்னும் தள்ளினேன். பக்கம் முடிந்து நின்றது. பட்டன் இல்லை.

சிரிப்பு சப்பென்று அடங்கியது. அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. அவர் போனில் இருந்த பக்கம் அவரிடம் என்ன சொன்னதோ அதைத்தான் அவர் செய்திருக்கிறார். கீழே பதிவு செய், இதோ முகவரி. படித்துவிட்டு வேறெங்கே போவார்?

அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டே என் கணினியில் ஸ்டைல்ஷீட்டைத் திறந்தேன். ஒரு பக்கம் எந்தெந்தத் திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்று எழுதி வைக்கிற கோப்பு அது. தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எந்த வரி என்று கை தானாகப் போய் நின்றது. பட்டனை அடியோரத்தில் நிறுத்த, இடப்பக்கம் இவ்வளவு, வலப்பக்கம் இவ்வளவு, அடியில் இவ்வளவு என்று முன்பெல்லாம் தனித்தனியாக எழுதுவோம். இப்போது எல்லாவற்றுக்கும் சேர்த்து 'இன்செட்' என்று ஒரு புதுச் சொல் வந்திருக்கிறது. ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். பழைய பிரவுசர்களுக்கு அந்தச் சொல் தெரியாது. தெரியாத சொல்லைக் கண்டால் பிரவுசர் சண்டை போடாது, இது என்ன என்று கேட்காது, அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். முனியன் அண்ணன் போனில் அதுதான் நடந்திருந்தது. எங்கே ஒட்டி நிற்பது என்று பட்டனுக்குத் தகவல் போகவில்லை. எல்லாவற்றுக்கும் கடைசியில், திரைக்கு வெளியே போய் நின்றுகொண்டது. நகராதே என்று மட்டும் சொல்லியிருந்தேன், அந்தச் சொல் பழைய பிரவுசருக்கும் தெரியும். அதனால் விரல் தேய எவ்வளவு தள்ளினாலும் அது மேலே வராது.

இதில் பெரிய அசிங்கம் இன்னொன்று. எங்கள் எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான அந்தக் கோப்பில், எனக்கு முன்னால் இங்கே வேலை பார்த்தவர் பழைய பிரவுசர்களுக்காக அந்தத் தனித்தனி வரிகளையும் எழுதித்தான் வைத்திருந்தார். கோப்பைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று நான்தான் அவற்றை அழித்தேன். அழிக்கும்போது பிரவீன்குமார் சாரிடம், "இந்தக் காலத்துல எவன் சார் அந்த ஓட்ட ஃபோனெல்லாம் வெச்சிருக்கான்?" என்று வாய்க்கொழுப்பாகப் பேசினேன். போன மாதம்தான். என் சொந்தப் போனிலும் சார் போனிலும் மட்டும் திறந்து பார்த்தேன். இரண்டும் புதுசு. பட்டன் பச்சைப்பசேலென்று நின்றது.

பிரவீன்குமார் சார் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். திரையையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விளக்க வேண்டியதில்லை. என்னைச் சன்னல் ஓரமாக வரச்சொல்லிக் குரலை இறக்கினார்.

"எதுவும் பேசிக்கினு இருக்காத. ஃபோன் பழசு, அதான் வரலன்னு சொல்லி அனுப்பு. பொய்யும் இல்ல."

பொய் இல்லைதான். அதுதான் வசதியாக இருந்தது. திரும்பி வந்து சொன்னேன்.

"உங்க ஃபோன் ரொம்பப் பழசுண்ணா. அதுலதான் பட்டன் வரல."

அவர் போனை வாங்கி, முதல்முறை பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆமாம்மா. மச்சான் வேணாம்னு வெச்சிருந்தத வாங்கி வெச்சிக்கினேன். வெவரம் கெட்டுப்போயி வந்து உன் வேலையவும் கெடுத்துட்டேன். மனசுல வெச்சிக்காத."

சொல்லிவிட்டு மேசையைப் பிடித்து எழ ஆரம்பித்தார். நாற்காலி மறுபடி நழுவியது.

என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஒற்றைக் காலோடு அந்தப் படிகளில் இறங்கி, மறுபடி மலைக்குப் பஸ் ஏறப் போகிறார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். காது வரைக்கும் கொதித்தது.

"உக்காருங்கண்ணா" என்றேன். எனக்கே அதட்டல் போலக் கேட்டது. "எங்கயும் போக வேணாம். ஒரு அஞ்சு நிமிஷம்."

சார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

சரிசெய்வது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. அழித்ததை மறுபடி எழுதுவதுதான். இடம், வலம், அடி, மூன்று வரி. அதற்கு அடுத்ததாகப் புதுச் சொல்லையும் விட்டு வைத்தேன். தெரிந்த பிரவுசர் அதை எடுத்துக்கொள்ளும், தெரியாதது முதல் மூன்றோடு நிற்கும். இவ்வளவு சின்ன வேலை என்பது என் கூச்சத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

புதுப் பக்கம் அவர் போனில் வர வேண்டுமானால் மறுபடி திறக்க வேண்டும். திறந்தால் நிரப்பியதெல்லாம் போய்விடும். சொன்னேன். அவர் முகம் சுண்டிப் போயிற்று. நானே நிரப்பித் தருகிறேன் என்று முதலில் எல்லாவற்றையும் ஒரு தாளில் எடுத்து எழுதினேன். கடைசிக் கட்டத்தில், 'செயற்கைக்கால் எதற்காகத் தேவை' என்று நான் கேட்டிருந்த இடத்தில், 'ரெண்டு கையும் வேணும்' என்று எழுதியிருந்தார்.

"கையின்னு எழுதியிருக்கீங்களேண்ணா. கால்தான?"

பாருங்கள், அந்த நிலையிலும் திருத்தத்தான் எனக்குத் தோன்றியது.

"கைதாம்மா" என்றார். "கோலு புடிச்சா ஒரு கை அதோட சரி. மரவள்ளிக் கெழங்க ஒத்தக் கையால புடுங்க முடியுமா, சொல்லு. ஒரு கொடம் தண்ணி எடுத்தார முடியல. எல்லாத்தையும் வூட்டுக்காரிதான் தூக்கறா. கரும்பு டிராக்டரு கவுந்து காலு போனப்ப, காலுதான போச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அப்புறந்தான் தெரிஞ்சிது கையும் சேந்து பூட்டுதுன்னு."

அதை அப்படியே எழுதிக்கொண்டேன். பக்கத்தை மறுபடி திறந்தேன். திரையின் அடியோரத்தில் பச்சைப் பட்டன் வந்து நின்றது.

"அட, இங்கதான் ஒளிஞ்சிக்கினு இருந்துதா?" அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"சரியாய்டுச்சுண்ணா" என்றேன், ஏதோ காய்ச்சல் தானாக விட்டது மாதிரி. யார் கெடுத்தது, யார் சரிசெய்தது என்ற பேச்சே அதில் இல்லை. எல்லாக் கட்டங்களையும் நிரப்பிப் போனை அவரிடம் கொடுத்தேன். "நீங்களே அமுக்குங்க."

வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டு அழுத்தினார். திரை ஒரு கணம் சுற்றியது. பிறகு வந்ததை அவரே எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"இடங்கள் நிரம்பிவிட்டன. அடுத்த ஆண்டு முயலவும்."

அந்த வாசகமும் நான் எழுதியதுதான். அதைச் சுற்றி மெல்லிய சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் போட்டு, கண்ணை உறுத்தாமல் வைத்திருந்தேன். முன்னாலேயே பார்த்திருக்க வேண்டாமா? பட்டன் வந்த குஷியில் இடம் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. அவரையே அழுத்தவும் வைத்தேன்.

"எப்பம்மா நெரம்புச்சு?"

"தெரியலண்ணா. நீங்க இத மொதமொத எப்ப நிரப்புனீங்க?"

"பக்கம் வந்திருக்குன்னு சொன்ன மறுநாளே நிரப்பிட்டேன். அப்பப் பாத்து மழ. ரோட்டுல மண்ணு சரிஞ்சு பஸ்ஸு நின்னு போச்சு. இன்னைக்குத்தான் வுட்டாங்க. மொத பஸ்ஸுலயே ஏறிட்டேன்."

மறுநாளே. பட்டன் மட்டும் இருந்திருந்தால் அவர் பெயர் முதல் நாலைந்து பெயர்களுக்குள் இருந்திருக்கும். இந்நேரம் மலையில் அவர் பாட்டுக்கு இருந்திருப்பார். சனிக்கிழமை ஒருமுறை இறங்கி வந்தால் போதும், அளவெடுத்திருப்பார்கள். இப்போது இன்னும் ஓர் ஆண்டு ஒற்றைக் கை. எதற்கு? கோப்பு பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதற்கு.

என் போனை எடுத்தேன். சார் அவர் இடத்திலிருந்தே கேட்டார். "யாருக்கு?"

"தைரியநாதன் சாருக்கு."

தைரியநாதன் அறக்கட்டளையில் முகாம் பொறுப்பாளர். திருக்கோவிலூரில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"மெர்லின், யோசிச்சுப் பேசு. நம்ம தப்புன்னு சொன்னா அதோட நம்மள வெச்சு வேல வாங்க மாட்டாங்க. சர்வர் பிரச்சினன்னு சொல்லு."

தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. தைரியநாதன் சார் எடுத்ததும், மலையிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார், அவரால் பதிவு செய்ய முடியாமல் போய்விட்டது, ஓர் இடம் மட்டும் சேர்க்க முடியுமா என்று கேட்டேன்.

"அவருக்குக் குடுத்தா மத்தவங்க என்னான்னு கேப்பாங்களே. ஏன் முடியாம போச்சு?"

"அது வந்து சார், சர்வர்ல..."

முனியன் அண்ணன் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். "எம்மேல சொல்லிடும்மா. ஃபோன் பழசு, எனக்கு வெவரம் பத்தலன்னு சொல்லிடு."

எனக்கு உதவி செய்கிறாராம். இந்தப் பெண் யாரிடமோ மாட்டிக்கொண்டு முழிக்கிறாளே என்று, தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்ளப் பார்க்கிறார். அதற்குப் பிறகு என் வாயில் சர்வர் வரவில்லை.

"எங்க பக்கம் ஒரு தப்பு நடந்துடுச்சு சார்."

"எங்க பக்கம்னா?"

"என் பக்கம் சார். நான்தான். பழைய ஃபோன்ல பட்டன் தெரியறதுக்கான வரிய நான் அழிச்சிட்டேன். டெஸ்ட்டும் பண்ணல. அவரு எல்லாத்தையும் சரியாத்தான் பண்ணியிருக்காரு."

பிரவீன்குமார் சார் எழுந்து வெளியே போனார். கதவை அறையவில்லை. மெதுவாகச் சாத்திவிட்டுத்தான் போனார்.

திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் சுலபமாக இருந்திருக்கும். அவர் வாத்தியார் குரலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப இவரு ஒருத்தரு மட்டுமா இருப்பாரு?"

நான் அதை யோசிக்கவே இல்லை. பட்டனே தெரியாதவர்கள் எதையும் அனுப்பியிருக்க முடியாது. எத்தனை பேர் நிரப்பினார்கள், எத்தனை பேர் தேடிப் பார்த்து விட்டுவிட்டார்கள் என்று எங்கேயும் பதிவாகியிருக்காது.

"தெரியல சார்."

"அளவெடுக்க வர்றவங்ககிட்ட நான் கெஞ்சிப் பாக்கறேன். இருட்டற வரைக்கும் கூட இருக்கச் சொல்றேன். ஆனா ஒருத்தருக்குன்னு கேக்க மாட்டேன். வுட்டுப்போனவங்க யாரு யாருன்னு சாயங்காலத்துக்குள்ள கண்டுபுடி. நான் கூப்புட மாட்டேன். நீயே பேசணும். நடந்தது என்னான்னு சொல்லித்தான் கூப்புடணும். சும்மா வாங்கன்னா, அவங்க தங்களத்தான் தப்பா நெனச்சிக்குவாங்க."

சரிங்க சார் என்றேன். வைத்துவிட்டார்.

திரும்பினேன். முனியன் அண்ணன் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசியதையெல்லாம் அவர் கேட்டிருந்தார்.

"அப்ப ஃபோனு நல்லாத்தான் இருக்குதா?"

"நல்லா இருக்குண்ணா."

"ம்" என்றார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கோபப்படவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதுவரை என்னோடு பேசும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது என்பதே அது இல்லாமல் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மன்னிச்சிடுங்கண்ணா என்றேன். அதற்கும் ஒரு "ம்" தான்.

கேட்காமல் முடியாது. கேட்டேன்.

"உங்க பக்கம் வேற யாராவது இந்த மாதிரி நிரப்பி வெச்சிருக்காங்களாண்ணா?"

சொல்லலாமா வேண்டாமா என்று அவர் யோசித்தது தெரிந்தது.

"பக்கத்து ஊருல குஞ்சம்மான்னு ஒரு பொம்பள. சக்கர நோயில ரெண்டு காலையும் எடுத்துட்டாங்க. மண்ணு சரியறதுக்கு முந்தி, ஒரு ஞாயித்துக்கெழம வந்தாங்க. தம்பிக்காரன் பழனி முதுகுல தூக்கிக்கினு எறங்கி வந்தான்."

"எங்க வந்தாங்க?"

"இங்கதான். இதே மாடிக்கு. பூட்டியிருந்துதாம். கொஞ்ச நேரம் படியில குந்தியிருந்துட்டு திரும்பிப் போய்ட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் திறப்பதில்லை. அன்றைக்கு நான் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன். நான் பெருமைக்குப் போட்ட முகவரியைப் படித்துவிட்டு, அக்காவை முதுகில் சுமந்து ஒருவன் இந்தப் படிகளில் ஏறியிருக்கிறான். பூட்டைப் பார்த்திருக்கிறான். மறுபடி சுமந்து இறங்கியிருக்கிறான். இவரிடம் சொன்னதே போதும், இன்னொரு முறை சொல்ல என்னால் ஆகாது என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கும் வெட்கமாக இருந்தது.

"நம்பர் இருக்காண்ணா?"

பையிலிருந்து போனை எடுத்து, பெயரைத் தேடி, என் முன்னால் மேசையில் வைத்தார். அவர் கூப்பிட்டுத் தரவில்லை. நான் என் போனில் எண்ணை அழுத்தினேன். நீண்ட நேரம் மணி அடித்தது. பிறகு ஒரு பெண் குரல்.

"யாரு?"

"குஞ்சம்மா அக்காங்களா? நான் கள்ளக்குறிச்சியிலேர்ந்து மெர்லின் பேசறேங்க. செயற்கைக்காலுக்குப் பதிவு பண்றதுக்கு ஃபோன்ல ஒரு பக்கம் நிரப்புனீங்களே..."

"ஆமா. வந்தோம். பூட்டியிருந்துது."

"அது விஷயமாத்தாங்க. அந்தப் பக்கத்தச் செஞ்சது நான்தான். நீங்க இங்க வந்திருக்கவே வேண்டியதில்லீங்க. அடியில ஒரு பட்டன் இருக்கணும். அத அமுக்குனாலே பதிவாயிருக்கும். உங்க ஃபோன்ல அது தெரியாம போச்சு. ஃபோன் மேல தப்பு இல்ல, உங்க மேலயும் தப்பு இல்ல. அது தெரியறதுக்கு எழுதியிருந்தத நான் அழிச்சிட்டேன். அழிச்சிட்டு சரியா இருக்கான்னு பாக்கவும் இல்ல. தப்பு என்னுதுங்க. சனிக்கெழம உங்களுக்கும் அளவெடுக்கறதுக்குக் கேட்டிருக்கோம்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்துவிட்டோம் என்று ஓர் ஆறுதல்கூட எட்டிப் பார்த்தது. எதிரில் முனியன் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தப் பட்டனு இருந்திருந்தா நாங்க எறங்கியே வந்திருக்க வேணாம்?"

"வேணாங்க."

தூரத்தில் ஆடு கத்துவது கேட்டது.

"இத எங்கிட்ட ஏன் சொல்ற?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "நான் முதுகுல குந்திக்கினுதான வந்தேன். தூக்கிக்கினு வந்தவன் இங்கதான் இருக்கான். அவன்கிட்ட சொல்லு."

போன் கை மாறுகிற சத்தம். ஓர் ஆண் குரல், எங்கோ வேலையிலிருந்து எழுந்து வந்த மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு.

"இன்னா?"

"மெர்லின் பேசறேங்க" என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.